ஓடுபவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்துவது

லினக்ஸில் ஒரு ப்ராசஸை நிறுத்த ஒரே வரி போதும். கில் என்று தட்டி, இடைவெளி விட்டு, அதன் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் முடிந்தது. இதற்கு ஏன் ஒரு முழு அத்தியாயம்? அந்த எண் எது என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். நிறுத்த வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓடுவதை நிறுத்திவிடுவார்கள். அல்லது சரியானதை நிறுத்தியும், மறு விநாடி அது வேறொரு எண்ணில் எழுந்து நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள். கட்டளை தெரியாமல் வரும் சிக்கல் மிகக் குறைவு. எதை நிறுத்துகிறோம், அதை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்காமல் கைவைப்பதால் வரும் சிக்கலே அதிகம்.

எழுத்து வழக்கம் பற்றி ஒரு குறிப்பு. இந்த நூலில் கட்டளைகளை ஒலிக்கிறபடியே தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியே சொல்லிவிடுகிறேன்.

எந்த எண்?

ஓர் அலுவலகத்தின் டெவலப்மென்ட் சர்வரை எடுத்துக்கொள்வோம். நாலைந்து பேர் அதில் லாகின் செய்து வேலை பார்க்கிறார்கள். நீங்கள் ஜாங்கோவில் எழுதிய தளத்தைச் சோதித்துப் பார்க்க, 'பைத்தான்3 மேனேஜ்.பை ரன்சர்வர்' என்று தட்டுகிறீர்கள். அந்த போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் ரன்சர்வர் கேட்பது 8000ஆம் போர்ட்டை. ஆக, அந்த போர்ட்டை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் நிறுத்த வேண்டும்.

பலரும் முதலில் செய்வது 'பிகிரெப் பைத்தான்3' என்று தட்டுவது. ஆறு எண்கள் வரிசையாக வந்து விழும். ஆறும் பைத்தான்தான். அவற்றில் ஒன்று உபுண்டு தனக்காக ஓட்டிக்கொள்வதாகக்கூட இருக்கலாம். 'பிகிரெப் -ஏ பைத்தான்3' என்றால் எண்ணோடு முழுக் கட்டளை வரியும் தெரியும். அப்போதும் 'மேனேஜ்.பை ரன்சர்வர்' என்று முடியும் வரிகள் நான்கு இருக்கும். பைத்தான், ஜாவா, நோட் போன்றவற்றில் ப்ராசஸின் பெயரை நம்பி எதையும் செய்ய முடியாது. பெயரில் இருப்பது ஓட்டுகிற இயந்திரத்தின் பெயர், அதில் ஓடும் நிரலின் பெயர் இல்லை.

பெயரை விட்டுவிட்டு, அது பிடித்து வைத்திருக்கும் பொருளின் வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. நமக்குத் தொந்தரவு 8000ஆம் போர்ட். அதனால் போர்ட்டையே கேட்போம்:

சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி

லிசன், டிசிபி, நம்பர், ப்ராசஸ் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள் அவை. வருகிற பட்டியலில் 8000 என்று முடியும் வரியைப் பாருங்கள். அதன் வலக்கோடியில் ப்ராசஸின் பெயரும், பிஐடி எனப்படும் அதன் எண்ணும் இருக்கும். சூடோ போடாவிட்டால் உங்கள் சொந்த ப்ராசஸ்களின் பெயர் மட்டுமே தெரியும். மற்றவர்களுடையது வெறும் போர்ட்டாக நிற்கும். நமக்குக் கிடைத்த எண் 4315 என்று வைத்துக்கொள்வோம்.

இதே வேலைக்கு எல்எஸ்ஆஃப் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதில் ஒரு குழி இருக்கிறது. 8000ஆம் போர்ட் என்று மட்டும் கேட்டால், அந்த போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் சர்வரோடு, அதனோடு தொடர்பில் இருக்கும் மற்றவற்றையும் சேர்த்துக் காட்டும். உங்கள் சொந்த லேப்டாப்பில் சர்வரும் பிரவுசரும் சேர்ந்து ஓடுகின்றன என்றால், பட்டியலில் பிரவுசரும் வரும். எல்எஸ்ஆஃப் தரும் எண்களை அப்படியே கில்லுக்குக் கொடுக்கும் ஒற்றை வரியைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். போர்ட்டோடு சேர்ந்து பிரவுசரும், அதில் திறந்திருந்த நாற்பது டேபும் போன கதை இந்த வரியால்தான். ஃபியூசரில் -கே போடுவதும் இப்படியொரு அவசர வழி. அது போர்ட்டில் இருப்பதைச் சரியாகவே பிடிக்கும். ஆனால் வேறு சொல்லாவிட்டால் நேரே 9ஆம் சிக்னலை அனுப்பும். அந்த 9 பற்றிப் பிறகு வருகிறேன்.

எண் கிடைத்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். இன்னும் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: யாருடையது, எப்போது தொடங்கியது, எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது. முதல் இரண்டையும் ஒரே வரியில் வாங்கலாம்:

பிஎஸ் -பி 4315 -ஓ யூசர்,பிபிஐடி,எல்ஸ்டார்ட்,ஸ்டாட்,ஆர்க்ஸ்

எல்ஸ்டார்ட் என்பது தொடங்கிய நாளையும் நேரத்தையும் முழுதாகக் காட்டும். நிறுத்த நினைத்தது இன்று காலை ஓட்டியது, இங்கே வருவதோ போன வியாழக்கிழமைத் தேதி என்றால், அது உங்களுடையது இல்லை. ஃபோல்டருக்கு 'பிடபிள்யூடிஎக்ஸ் 4315'. ஒரே மாதிரி நான்கு ரன்சர்வர் வரிகள் இருக்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஃபோல்டர்தான். இந்தக் கட்டளைகளெல்லாம் படிப்பது /ப்ராக் என்ற இடத்தில் கெர்னல் காட்டும் விவரங்களைத்தான். /ப்ராக்/4315 என்று போய்ப் பார்த்தால் அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் வரை எல்லாம் அங்கே கிடக்கும்.

யூசர் என்ற இடத்தில் இன்னொருவர் பெயர் இருந்தால், அவரிடம் கேளுங்கள். சூடோ இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை. அனுமதி இல்லை என்று கில் மறுப்பது, அது உங்கள் ப்ராசஸ் இல்லை என்று சொல்வதற்கான அதன் வழி. அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மேலே யார்?

ஒரு ப்ராசஸ் தானாகப் பிறப்பதில்லை. அதைத் தொடங்கிய தாய் ப்ராசஸ் ஒன்று இருக்கும். அந்தச் சங்கிலி முழுவதையும் பார்க்க:

பிஎஸ்ட்ரீ -எஸ்பி 4315

இடக்கோடியில் 1ஆம் எண்ணில் சிஸ்டம்டி, பிறகு எஸ்எஸ்ஹெச்டி, பிறகு பாஷ், பிறகு பைத்தான்3 என்ற பெயரில் 4312, அதன்பின் பைத்தான்3 என்ற பெயரிலேயே நம்முடைய 4315 என்று ஒரே வரியாக வரும். பைத்தான் இரண்டு முறை வருவது பிழையில்லை. நிரலைத் திருத்திச் சேமித்தவுடன் தானே மறுபடி தொடங்குவதற்காக, ரன்சர்வர் இரண்டு ப்ராசஸ்களாக ஓடுகிறது. தாயான 4312 காவல் காக்கும். பிள்ளையான 4315 போர்ட்டைத் திறந்து உண்மையான வேலையைப் பார்க்கும்.

சங்கிலியில் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் தெரிந்தால், யாரோ வேண்டுமென்றே அதைப் பின்னணியில் விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே போய் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திரையைப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதே சிறந்தது. கிரான் தெரிந்தால், இப்போது நிறுத்தினாலும் குறித்த நேரத்தில் மறுபடி வரும். பாஷ் இல்லாமல் சிஸ்டம்டிக்குக் கீழே நேராகத் தொங்கினால், அது சர்வீஸாக இருக்கலாம். அல்லது தாய் செத்துப் போன அனாதையாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் 4315' என்று பிஐடியையே கொடுத்துக் கேட்கலாம். எந்த சர்வீஸுக்குள் அல்லது எந்த லாகினுக்குள் அது இருக்கிறது என்று சொல்லிவிடும். பலருக்குத் தெரியாத வசதி இது. சர்வீஸின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பதினைந்தும் ஒன்பதும்

கில் கட்டளை செய்வது ஒரு சிக்னலை அனுப்புவது மட்டும்தான். எந்த சிக்னல் என்று சொல்லாவிட்டால் 15ஆம் சிக்னலான டெர்ம் போகும். அது வந்ததும் என்ன செய்வது என்பதை நிரலை எழுதியவர் தீர்மானித்திருக்கலாம்: எழுதிக்கொண்டிருந்த கோப்பை முடித்து, தற்காலிகக் கோப்புகளை அழித்து, பிள்ளைகளையும் நிறுத்திவிட்டு வெளியேறலாம். கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். 9ஆம் சிக்னல் நிரலின் கைக்குப் போவதே இல்லை. கெர்னலே ப்ராசஸை முடித்துவிடுகிறது. பிடிக்கவோ தடுக்கவோ முடியாத சிக்னல்கள் இரண்டு. ஒன்று இந்த 9. மற்றொன்று ப்ராசஸைக் கொல்லாமல் உறைய வைக்கும் ஸ்டாப்.

9 போட்டால் நினைவகம் கசிந்துவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அது தேவையில்லை. ப்ராசஸ் எந்த வழியில் செத்தாலும், நினைவகத்தையும், திறந்திருந்த கோப்புகளையும், போர்ட்டையும் கெர்னல் மீட்டுக்கொள்ளும். நிரல் கெர்னலிடம் எழுதக் கொடுத்துவிட்ட தரவும் டிஸ்க்குக்குப் போய்விடும். போவது, நிரல் தன் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொடுக்காத தரவு. தங்குவது, பூட்டுக் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும். அடுத்த முறை ஓட்டும்போது 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு நிரல் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் முந்தைய 9 விட்டுச்சென்ற பூட்டுக் கோப்பு எங்காவது கிடக்கும்.

நம் ரன்சர்வருக்கு வருவோம். 4312 என்ற தாய்க்கு 15 அனுப்பினால், அதைப் பிடித்து ஒழுங்காக வெளியேறும்படி ஜாங்கோவில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியேறும் வழியில் பிள்ளையையும் நிறுத்திவிட்டுத்தான் போகும். இரண்டும் போய், போர்ட் காலியாகும். அதே தாய்க்கு 9 அனுப்பிப் பாருங்கள். பிள்ளையைக் கவனிக்க அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. தாய் போய்விடும், 4315 அனாதையாகி 1ஆம் எண்ணுக்குக் கீழே போய்ச் சேரும். 8000ஆம் போர்ட் அதன் கையிலேயே இருக்கும். நீங்கள் மறுபடி ரன்சர்வர் ஓட்டினால் அதே பிழை. 'ஒன்பது போட்டும் சாகவில்லை' என்று இதைத்தான் சொல்வார்கள். செத்தது வேறு, போர்ட்டைப் பிடித்திருப்பது வேறு. வலிமையான சிக்னலே இங்கே வேலையைக் கெடுக்கிறது.

தாய் போனால் பிள்ளைகளும் தாமாகப் போய்விடும் என்பது லினக்ஸில் பொது விதி இல்லை. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டி வீடியோவை மாற்றிக்கொண்டிருக்கிறது என்றால், ஸ்கிரிப்டை நிறுத்தினாலும் எஃப்எஃப்எம்பெக் சிபியுவைத் தின்றுகொண்டு தொடரும். 'பிகில் -பி' என்று பெரிய எழுத்து பி போட்டு, தாயின் எண்ணைக் கொடுத்தால் நேரடிப் பிள்ளைகளுக்கு மட்டும் சிக்னல் போகும். ஒரு கூட்டமாகத் தொடங்கியவற்றை மொத்தமாக நிறுத்த, கூட்டத்தின் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அனுப்பலாம். அந்தக் கழித்தல் குறியோடு கவனம் தேவை. -1 என்ற எண்ணுக்கு சிக்னல் அனுப்புவது, உங்களால் தொட முடிந்த எல்லா ப்ராசஸுக்கும் அனுப்புவதாகும். 'கில் -9 -1' என்பதை ரூட்டாக அடித்தால் சர்வரில் மிஞ்சுவது அதிகமில்லை.

பைத்தான் பற்றி இன்னொன்று. சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று 15ஆம் சிக்னலைக் கவனிக்க எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால், அது வந்தவுடன் அப்படியே செத்துவிடும். 'ஃபைனலி' பகுதியில் எழுதிய சுத்தம் செய்யும் வேலைகள் நடக்காது. கன்ட்ரோல்-சி அழுத்தும்போது போகும் 2ஆம் சிக்னலை பைத்தான் ஒரு எக்செப்ஷனாக மாற்றிக்கொள்கிறது. அதனால் ஃபைனலி ஓடும். ஆகவே பைத்தான் ஸ்கிரிப்ட்களுக்கு முதலில் 'கில் -2', நகராவிட்டால் வெறும் கில் என்பது என் வழக்கம். ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள் இருந்து பின்னணியில் தொடங்கியது என்றால் 2 வேலை செய்யாது. அப்படித் தொடங்கும் ப்ராசஸ்களை 2-ஐப் புறக்கணிக்கும்படி ஷெல்லே அமைத்துவிடுகிறது. ஊடாடும் பாஷ் 15-ஐப் புறக்கணிக்கும். தொங்கிப்போன டெர்மினலை மூட வேண்டுமென்றால் அதற்கு 'கில் -ஹெச்யுபி'.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? டாக்கர் ஒரு கன்டெய்னருக்கு 10 விநாடி தருகிறது. சிஸ்டம்டி ஒரு சர்வீஸுக்கு வழக்கமாக 90 விநாடி தருகிறது. அதற்குப் பிறகே இரண்டும் 9-க்குப் போகின்றன. கையால் நிறுத்தும்போது ஐந்து விநாடிகூடப் பொறுக்காமல் 9 அடிப்பது நம் பொறுமையின் பிரச்சினை. 'கில் -0 4312' என்று அனுப்பினால் எந்த சிக்னலும் போகாது. அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பதில் எதுவும் வராவிட்டால் இருக்கிறது. அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை என்று வந்தால் போய்விட்டது.

போன பிறகும் சில சர்வர்கள் ஒரு நிமிடம் வரை போர்ட்டைத் திறக்க மறுக்கலாம். முடிந்துபோன தொடர்புகளை லினக்ஸ் 60 விநாடி நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். அப்போது இல்லாத ப்ராசஸைத் தேடி அலைய வேண்டாம். எஸ்எஸ் பட்டியலில் யாரும் இல்லை என்றால் காத்திருங்கள்.

பெயரால் நிறுத்தும் ஆசை

பிஐடியைத் தேடும் வேலை அலுத்துப்போய் பிகில்லுக்கும் கில்ஆலுக்கும் போகிறவர்கள் உண்டு. ஒரே ஒன்று மட்டும் ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் பரவாயில்லை. பிகில் பெயரின் ஒரு துண்டு பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். முழுப் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டுமென்றால் -எக்ஸ் சேர்க்க வேண்டும். கெர்னல் ப்ராசஸின் பெயரில் 15 எழுத்துகளை மட்டுமே வைத்திருக்கும். அதனால் நீண்ட பெயரைக் கொடுத்தால் எதுவும் பொருந்தாமல் போகும். இதற்கு மாற்றாக -எஃப் போட்டு முழுக் கட்டளை வரியிலும் தேடுவார்கள், அங்கேதான் பிசகும். 'பிகில் -எஃப் ரிப்போர்ட்' என்றால் ரிப்போர்ட்.பை ஓடுவது நிற்கும். கூடவே, ரிப்போர்ட்.பையை விம்மில் திறந்து திருத்திக்கொண்டிருப்பதும், ரிப்போர்ட்.லாகை டெயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் நின்றுபோகும். வரியில் அந்தச் சொல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிகில் அடிக்கும் முன் அதே வரியை பிகிரெப் -ஏ என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். வருகிற பட்டியலில் உள்ளதுதான் சாகப்போகும் பட்டியல். சோலாரிஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே கில்ஆல் பெயரைப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையுமே நிறுத்தும்.

நிறுத்தியும் எழுபவை

ஒரு ப்ராசஸை நிறுத்தி, அது புது எண்ணில் வந்து நின்றால், மறுபடி மறுபடி அடிப்பதில் பயனில்லை. அதை ஓட்டுபவரிடம் சொல்ல வேண்டும். எஞ்ஜின்எக்ஸின் வொர்க்கர் ஒன்றைக் கொன்றால் மாஸ்டர் உடனே இன்னொன்றை எழுப்பும். சிஸ்டம்டி சர்வீஸ் என்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' என்று சர்வீஸின் பெயரைக் கொடுப்பதே முறை. அப்போது அந்த சர்வீஸுக்குள் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் அதுவே தேடிப்பிடித்து நிறுத்தும். ஸ்டாப் இப்போதைக்கு மட்டும். கணினி மறுபடி தொடங்கும்போது வரக் கூடாது என்றால் டிஸேபிள். வேறு எந்த சர்வீஸும் இதை எழுப்பவே கூடாது என்றால் மாஸ்க்.

சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட் என்ற வரி இருக்கும். அதில் ஆல்வேஸ் என்று இருந்தால் எப்படிக் கொன்றாலும் எழும்; சிஸ்டம்சிடிஎல் வழியாக நிறுத்தினால் மட்டும் எழாது. ஆன்-ஃபெயிலியர் என்று இருந்தால் நடப்பது வேடிக்கை. 15ஆம் சிக்னலால் முடிந்ததை சிஸ்டம்டி ஒழுங்கான முடிவாகக் கணக்கு வைக்கும், எழுப்பாது. 9-ஆல் முடிந்ததைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு எழுப்பிவிடும். மெதுவாகச் சொன்னால் போய்விடுகிற ஒன்றை, அடித்து எழுப்பிக்கொண்டிருப்போம்.

கன்டெய்னருக்குள் ஓடுவதும் இப்படியே. ஹோஸ்ட்டில் அதற்கு ஒரு பிஐடி தெரியும், அதற்கு சிக்னலும் அனுப்ப முடியும். ஆனால் டாக்கர் ஸ்டாப் வழியாகப் போவதே சரி. ஸ்டாப் ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து விநாடி இழுக்கிறது என்றால், உள்ளே 1ஆம் எண்ணில் ஓடும் நிரல் 15-ஐக் கவனிக்க எதுவும் எழுதி வைக்கவில்லை என்று யூகிக்கலாம். 1ஆம் எண்ணுக்கு மட்டும் கெர்னல் தரும் சலுகை அது: கவனிக்க ஏற்பாடு செய்யாத சிக்னல் அதைத் தொடாது.

சாகவே சாகாதவை

பிஎஸ் காட்டும் ஸ்டாட் என்ற பத்தியின் முதலெழுத்தைப் பாருங்கள். தமிழில் இரண்டு எழுத்துகளும் டி என்றே ஒலிப்பதால் பிரித்துச் சொல்கிறேன். டீக்கு முதலெழுத்தான டி இருந்தால், அது உறைந்து நிற்கிறது. யாரோ கன்ட்ரோல்-இசட் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். வேறு டெர்மினலில் இருந்து 15 அனுப்பினால் அது வாசலில் காத்துக் கிடக்கும். ப்ராசஸ் மறுபடி ஓடத் தொடங்கினால்தான் உள்ளே போகும். பின்னாலேயே 'கில் -கான்ட்' அனுப்புங்கள், போய்விடும்.

டெல்லிக்கு முதலெழுத்தான டி என்றால் கொஞ்சம் கஷ்டம். டிஸ்க்கிடமோ, நெட்வொர்க் வழியாக மாட்டிய என்எஃப்எஸ் ஃபோல்டரிடமோ பதில் கேட்டுக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது. இந்நிலையில் பல இடங்களில் 9கூட எடுபடாது. 2008-இல் வந்த 2.6.25 கெர்னலில் இருந்து என்எஃப்எஸ் போன்ற சில காத்திருப்புகளை மட்டும் 9-ஆல் கலைக்க முடிகிறது. அதனால் அனுப்பிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. நகராவிட்டால் 'சூடோ டிமெசெக்' என்று தட்டி கெர்னலின் குறிப்புகளைப் பாருங்கள். இந்தப் பணி 120 விநாடிக்கும் மேலாகத் தடைபட்டு நிற்கிறது என்று ப்ராசஸின் பெயரோடு வரி இருந்தால், கோளாறு ப்ராசஸில் இல்லை. டிஸ்க்கையோ, கேபிளையோ, அந்தப் பக்கத்து சர்வரையோ சரிசெய்தால் இது தானே அவிழும். அது முடியாவிட்டால் ரீபூட் ஒன்றுதான்.

இசட் என்பது ஸாம்பி. வரியின் முடிவில் டிஃபங்க்ட் என்று இருக்கும். இது ஏற்கெனவே செத்தது. நினைவகமும் இல்லை, சிபியுவும் இல்லை. செத்த பிறகும் ரேஷன் கார்டில் பெயர் நீக்கப்படாதவரைப் போல, பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சம். பெயரை நீக்க வேண்டியது தாய் ப்ராசஸ். அது வந்து முடிவுக் குறிப்பை வாங்கிக்கொள்ளாததால் வரி நிற்கிறது. செத்ததைக் கொல்ல 9 அனுப்பிப் பயனில்லை. தாயின் எண்ணான பிபிஐடியைப் பார்த்துத் தாயை மறுபடி தொடங்குங்கள். தாய் போனதும் 1ஆம் எண் பொறுப்பெடுத்து வரியை நீக்கிவிடும். ஒன்றிரண்டு ஸாம்பிகள் இருப்பதற்காகத் தாயைத் தொட வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கில் பெருகினால் அந்தத் தாய் நிரலில் பிழை இருக்கிறது, எழுதியவரிடம் சொல்லுங்கள்.

வேறு வாசல் உள்ளவை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு குவெரி ஒரு மணி நேரமாக ஓடுகிறது. பிஎஸ்ஸில் அதற்கென்று தனி ப்ராசஸும் தனி எண்ணும் தெரிகின்றன. ஒன்றைத்தானே நிறுத்துகிறோம் என்று அதற்கு 9 அனுப்பினால், எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள். போஸ்ட்கிரெஸின் ப்ராசஸ்கள் எல்லாம் ஒரே பகிர்வு நினைவகத்தில் வேலை செய்கின்றன. ஒன்று பாதியில் வெட்டப்பட்டால் நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி, தலைமை ப்ராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் முறித்து, பழுது நீக்கும் வேலையைத் தொடங்கும். டேட்டாபேஸுக்குள்ளேயே பிஜி_கேன்சல்_பேக்எண்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. பிஐடியை அதனிடம் கொடுத்தால் குவெரி மட்டும் நிற்கும். இணைப்பையே துண்டிக்க பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட். கில் பக்கம் போகவே வேண்டாம்.

உபுண்டுவிலும் டெபியனிலும் ஏப்டியைப் பாதியில் கொல்வதும் இந்த வகை. பின்னணியில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடிக்கொண்டு பூட்டைப் பிடித்திருக்கும். அது தானே முடியும்வரை விடுவது நல்லது. கொன்றாகிவிட்டது என்றால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று தட்டி, பாதியில் நின்றதை முடித்துவிட்டுத்தான் வேறு வேலை.

பிரவுசரில் ஒரு டேப் மட்டும் தொங்கினால் பிஎஸ்ஸில் தேடாதீர்கள். குரோமில் ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பெயரோடு காட்டும், அங்கேயே முடிக்கலாம். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் 'அபவுட்:ப்ராசஸஸ்'.

ஸ்கிரிப்டில் எழுதும்போது

ஒரு நிரலைத் தொடங்கி, அதன் பிஐடியை ஒரு கோப்பில் எழுதி வைத்து, சில மணி நேரம் கழித்து அந்த எண்ணைக் கொல்லும் ஸ்கிரிப்ட்கள் ஏராளம். இடையில் அந்த நிரல் தானே முடிந்திருந்தால், அந்த எண் வேறு யாருக்காவது போயிருக்கலாம். பிஐடிகள் தீர்ந்ததும் கெர்னல் முதலில் இருந்து சுற்றி வரும். பழைய அமைப்பில் எல்லை 32,768. பரபரப்பான சர்வரில் இது விரைவில் சுற்றிவிடும். இன்றைய 64 பிட் பதிப்புகள் பலவற்றில் 41,94,304 என்று உயர்த்தியிருப்பதால் ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. எண்ணோடு எல்ஸ்டார்ட் நேரத்தையும் சேமித்து, இரண்டும் பொருந்தினால்தான் கைவைப்பது என்று எழுதலாம். அதைவிட, இத்தனை நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பதுதான் தேவையென்றால் தொடங்கும்போதே டைம்அவுட் கட்டளைக்குள் வைத்து ஓட்டுங்கள். 'டைம்அவுட் -கே 30 2ஹெச்' என்று முன்னால் சேர்த்தால், இரண்டு மணி நேரத்தில் 15 போகும். அதற்கும் மசியாவிட்டால் 30 விநாடி கழித்து 9. நாள் முழுக்க ஓட வேண்டியது என்றால் அதை ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக எழுதிவிடுங்கள்; பிஐடி கோப்பே தேவைப்படாது.